பேர் வெட்டிய சொம்பு

கோவையில் ஒரு பென்ஷன் அலுவலகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். இறந்துபோன கணவரின் பென்ஷனுக்காக சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தார். மடியில் ஒரு பித்தளைச் சொம்பு. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்யாணத்த அப்பப் பதியலைங்க. பத்திரிகையக் கறையான் தின்னுபோட்டுதுங்க. இந்தச் சீர்ச் சொம்புல எங்க பேரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்குதுங்க," என்று முறை வந்ததும் குமாஸ்தாவிடம் சொம்பை நீட்டினார்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. சொம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ஆபீசர் பார்த்தா ஒத்துக்குவாருங்கம்மா. நாளைக்குத்தான் வருவாரு. இதை இங்கயே வெச்சுட்டுப் போங்க. எதுக்கு மறுபடி அத்தனை தூரம் அலையறீங்க?"

அம்மாள் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"நானே கொண்டாரனுங்க. காலைல அவரு படத்துக்கு முன்னால இதுலதானுங்க தண்ணி வெக்கறது."

பென்ஷன் கிடைத்ததா, தெரியவில்லை. காலையில் தண்ணீர் மோக்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்கிறேன்.