பஞ்சு குடோனில் தூங்கிய பவுலர்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பஞ்சு குடோனுக்குப் பின்னால் வேலிமுள் மண்டிக் கிடந்த இடத்தை மைதானமாக்கியது நான். உடைந்த இரும்புக் குழாயில் சிமெண்டைக் கொட்டி ரோலர் செய்தது நான். உடுமலைப்பேட்டை போய், பிட்ச்சில் விரிக்கத் தென்னை நார் மேட்டிங் வாங்கி, பஸ் கூரையில் ஏற்றி வந்ததும் நான்தான். அதில் விளையாடிப் பழகித்தான் எங்கள் மில் டீம், தொண்ணூறுகளின் நடுவில், மில்களுக்குள் நடக்கும் கிரிக்கெட் கோப்பையை வென்றது. ஸ்பின்னிங் ஷிப்ட் மேஸ்திரிக்கு இதெல்லாம் வேலையா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் கோப்பையோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் முதலாளி காசு கொடுத்து மெட்ராஸிலிருந்து ஒரு பாஸ்ட் பவுலரைக் கூட்டி வந்தார். காந்திபுரத்தில் லாட்ஜ் ரூம், வந்துபோகக் கார். எங்கள் பவுலர் கிட்டான், லீவு போட்டவர்களுக்குப் பதிலாக நிற்கும் வெறும் பதிலி ஆள். கூப்பிட்ட ஷிப்ட்டுக்கு ஒரு நாள் வராவிட்டாலும் அவனுக்கு நிரந்தர வேலை கிடையாது.

சனிக்கிழமை செமி பைனல், ஞாயிறு பைனல். மில் கேட் எதிரில் பாஷா பாய் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. செமிக்குக் கிட்டானைப் போட்டு, மெட்ராஸ்காரரைப் பைனலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் மிஷின் பிட்டர் ரங்கசாமி. காசு போட்டவர் கண்ணால் பார்க்காமல் விடுவாரா என்றார் பாய்.

“லாட்ஜுக்குக் கட்டற காசுல கேண்டீன் சாம்பாருக்குக் கொஞ்சம் பருப்பு போடச் சொல்லுங்க பாய்,” என்றார் ரங்கசாமி.

“அப்புறம் எங்கடையில யாருங்க வடை திம்பாங்க?”

பாய் சொன்னபடிதான் நடந்தது. செமியில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, மெட்ராஸ்காரர் ஒரு முனையிலிருந்து விடாமல் போட்டார். ஜெயித்தோம். ஆனால் தொடையைப் பிடித்துக்கொண்டுதான் காரில் ஏறினார். பைனலில் அவர் பாதியில் உட்கார்ந்தால் கிட்டான்தான் போட வேண்டும். அன்று கிட்டானுக்கு நைட் ஷிப்ட். வராமல் இருந்தால் வேலை போச்சு. விடிய விடிய மிஷினில் நின்றால் பைனல் போச்சு.

அவன் பார்க்க வேண்டிய மிஷின்களைப் பக்கத்து ஆட்களிடம் பிரித்துக் கொடுத்து, அவனைக் குடோனில் பஞ்சு பேல் மூட்டை மேல் படுக்க வைத்தேன். டூட்டியில் தூங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தூங்க விட்ட மேஸ்திரிக்கும் அதேதான். நூல் குறைந்ததா என்று பார்க்கக்கூட நேரமில்லாமல், விடிந்ததும் மேட்டிங் விரிக்க ஓடினேன்.

பைனலில் பயந்தது நடந்தது. பாதி ஆட்டத்தில் மெட்ராஸ்காரர் தொடையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மேஸ்திரி, கிட்டான் விடிய விடிய மிஷின்ல நின்னுபோட்டு வந்திருக்கானாமா. பந்தைக் குடுத்தா தாங்குவானுங்களா?”

ஆமாம், நின்றான் என்றால் பந்து அவன் கைக்கு வராது. இல்லை என்றால் இரண்டு பேர் வேலையும் போகும்.

“தூங்கிட்டுத்தானுங்க வந்திருக்கான். குடோன்ல நாந்தானுங்க படுக்க வெச்சேன்.”

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“நூல் கொறைஞ்சிருந்தா நாளைக்கு ரெண்டு பேரும் வர வேண்டாமுங்க. இப்ப அவனைப் போடச் சொல்லுங்க.”

கிட்டான் பந்தில் விக்கெட் விழ விழக் கூட்டம் கத்தியது. என் காதில் மிஷின் சத்தம்தான் கேட்டது. கடைசி விக்கெட் விழுந்து கோப்பை எங்களுக்கு என்றானதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் பறந்தேன். ஞாயிறு மில் லீவு. நைட் ஷிப்ட் விட்ட இடத்திலேயே மிஷின்கள் நின்றிருந்தன. ஓடிய நூலைக் காட்டும் ஹேங்க் மீட்டரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மிஷினிலும் குறையவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கிட்டானுக்கு வேலை நிரந்தரமானது. இப்போது டீம் நடத்தும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: யார் எப்போது பந்து போடுவது என்று சண்டை போடுவதற்கு முன்னால், யார் எப்போது தூங்கினான் என்று கேளுங்கள்.

மில் ஆபீஸில் அந்தக் கோப்பைப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது. நான் மீட்டர் பார்க்கப் போன நேரத்தில் எடுத்த படம். பவுலரைக் கூட்டி வந்தவர் என்று முதலாளி பெயர் கீழே இருக்கிறது. இருக்கட்டும். பவுலரைத் தூங்க வைத்தவர் என்று அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள்.