பையைப் பார்த்துக்கொள்கிறவள்

கேளம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து கடல் இருபது நிமிடம். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் குடியிருக்கிறோம். கடற்கரைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கடலுக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. என் வேலை பை பார்த்துக்கொள்வது. செருப்புகள், கைபேசிகள், துண்டுகள், எலுமிச்சை சாதம், வீட்டுச் சாவி எல்லாம் அந்த மஞ்சள் பைக்குள் இருக்கும். பக்கத்தில் நான் இருப்பேன். என் கணவரும் பிள்ளைகள் இரண்டும் அலையில் குதிப்பார்கள். நான் நாய்களையும் மணலையும் விரட்டிக்கொண்டிருப்பேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில் கரையோரம் நின்ற என்னை ஒரு அலை புரட்டிப் போட்டது. மூக்கு, வாய், காது எல்லாம் உப்புத் தண்ணீர். நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் குடத்தில்தான் இருக்கும். குடம் யாரையும் புரட்டிப் போடாது. அன்றைக்குப் பையிடம் போய் உட்கார்ந்தவள்தான்.

போன வருடம் பள்ளியில் என் மகளை விடுமுறை நாள் பற்றிப் படம் வரையச் சொன்னார்கள். அப்போது அவளுக்குப் பத்து வயது. கடல், படகு, அப்பா, தம்பி, தான் என்று எல்லாம் வரைந்திருந்தாள். ஓரத்தில் பெரிதாக ஒரு மஞ்சள் பை. நான் எங்கே என்று கேட்டேன். “பைக்குப் பின்னாடி இருக்கம்மா, தெரியாது” என்றாள். ஆசிரியை அதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். ஒருநாளாவது அந்தப் பைக்கு முன்னால் வந்துவிட வேண்டும், கடலுக்குள் என்னதான் இருக்கிறது என்று தலையை விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அதற்காகத்தான் அந்தமான் போகலாம் என்று மூன்று மாதமாகப் பேசினோம். நான் முந்திக்கொண்டு நான்கு முகமூடிகளும் மூச்சு வாங்கும் டியூபுகளும் வாங்கிவிட்டேன். குளியலறை வாளியில் தலையை விட்டு ஒத்திகைகூடப் பார்த்தேன். என் மகன் வெளியே நின்று நொடி எண்ணினான். கடைசி வாரத்தில் அவருக்கு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை வேலைதான், விடுப்பு மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. வந்து சொன்ன விதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

“அந்தமான்ல இன்னா கடலு? வங்காள விரிகுடா. இங்க இன்னா கடலு? அதே வங்காள விரிகுடா. தண்ணி ஒண்ணுதாம்மா, கரதான் வேற.”

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாமல்லபுரத்தில் அறை போட்டு, படகுக்காரர் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டு வந்தார். சனிக்கிழமை பாய்மரப் படகு. திங்கள் காலையில் கடலுக்குள் இருக்கும் ஒரு பாருக்கு, அதாவது தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைக்குப் போய் மீன் பார்ப்பது. பனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் இந்தச் சமயத்தில்தான் தண்ணீர் தெளிந்திருக்கும் என்று படகுக்காரர் சொன்னாராம். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்றே முகமூடிகளை மறுபடி கழுவி வைத்தேன்.

சனிக்கிழமை காற்று நன்றாக இருந்தது. சின்னப் படகு, படகுக்காரரோடு இரண்டு பேர்தான் போகலாம். முதலில் அவரும் மகனும் போய்த் திரும்பினார்கள். பிறகு நானும் மகளும். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மஞ்சள் பையை அவர் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். லைஃப் ஜாக்கெட்டை மூன்று முறை இழுத்துக் கட்டச் சொன்னதில் படகுக்காரருக்குச் சிரிப்பு. என் வயதுக்காரர், மீன்பிடியில் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

படகு நகர்ந்தது. மோட்டார் சத்தம் இல்லை, துடுப்பு இல்லை. பாய் ஒருமுறை படபடத்து உப்பியது, அவ்வளவுதான், ஓடத் தொடங்கியது. தண்ணீர் படகின் அடியில் சலசலத்துக்கொண்டே வந்தது. மகள் முன்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள். கரையில் கோயில் கோபுரம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துவிட்டது. படகுக்காரர் பாயின் கயிற்றை என் கையில் கொடுத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தேன். இழுத்தால் படகு வேகம் எடுத்தது! ஒரு கயிற்றால் கடல்மேல் போகிறேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. இன்னும் இழுத்தேன்.

அப்போதுதான் பலமாக ஒரு காற்று வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர் கத்தினார்.

“யக்கா, வூடு! வூடு!”

இந்தப் பக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அது. என் மாமியார் வீட்டில் வீடு என்றால் வூடு. ‘வூட்டாண்ட வா’, ‘வூட்ல யாரு கீது’ என்று நாளெல்லாம் காதில் விழும். ஆகவே எனக்கு வீடு என்றுதான் பட்டது. இந்த நேரத்தில் யார் வீட்டைக் காட்டுகிறார் என்று கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரும்புகிற வேகத்தில் கயிற்றை இன்னும் இரண்டு பிடி இழுத்துக்கொண்டேன். கரையில் வரிசையாக நிறைய வீடுகள் இருந்தன.

படகு கவிழ்ந்தது.

படகுக்காரர் சொன்னது வுடு. விடு. கயிற்றை விடு. காற்றில் கத்தும்போது சொல் நீண்டு வூடாகிவிட்டது. இதெல்லாம் பிறகு புரிந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர், தண்ணீருக்குள் என் கண், வாய் நிறைய உப்பு. செத்தேன் என்றே நினைத்தேன். அடுத்த நொடி, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி மேலே எழும்பினேன். மூச்சு வந்தது. கால் எங்கேயும் எட்டவில்லை, ஆனாலும் நான் கீழே போகவில்லை. பக்கத்தில் மகள் தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்க என்னையே பார்த்தாள்.

“அம்மா, நீ மிதக்குற” என்றாள்.

ஆமாம், மிதந்தேன். இருமிக்கொண்டே சிரித்தேன். படகுக்காரர் படகின் அடியில் ஏறி நின்று அதை நிமிர்த்தும்வரை, நாங்கள் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக அலையில் ஆடினோம். அந்த ஐந்து நிமிடம் போதாதென்று இருந்தது எனக்கு. கரைக்குத் திரும்பியபோது அவர் மஞ்சள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

படகுக்காரரிடம் கதையைக் கேட்டதும் வெளுப்பெல்லாம் போய்விட்டது. அன்று முழுக்கச் சிரித்தார். ஹோட்டலில் இட்லிக்குச் சட்னி வேண்டுமா என்று கேட்கிற ஆளிடம்கூட, ‘இவங்க நடுக்கடல்ல வூடு பாத்தவங்க’ என்றார். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஞாயிறு மாலை, மெதுவாக, ஏதோ எனக்கு நல்லது செய்கிறவர் போல, நாளைக்குப் பாருக்கு நான் வர வேண்டாம் என்றார். தண்ணீர் ஆழமாம். நான் கரையிலேயே இருந்துகொள்ளலாமாம். பை இருக்கிறதாம்.

எனக்குச் சுரீர் என்றது. “பை பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கு என்ன, பசிக்கவா போகுது? நான் வாரேன்” என்றேன். மகள் தலையை நிமிர்த்தாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

திங்கள் காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகள், கைபேசிகள், செருப்புகள் எல்லாவற்றையும் காரில் ஏற்றினோம், கார் சாவியை அவர் வைத்துக்கொண்டார். மஞ்சள் பையைக் கடற்கரையில் டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் கொடுத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்த அம்மா அதைப் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஃபைபர் படகில் அதே படகுக்காரர்தான். என்னைப் பார்த்ததும், இன்றைக்குக் கயிறு எதுவும் என் கையில் தரப்போவதில்லை என்றார்.

பாருக்கு மேலே படகை நிறுத்தியதும் பிள்ளைகள் இரண்டும் நீச்சல் வகுப்புக்குப் போகிறவர்கள் என்பதால் தொப்பென்று குதித்தார்கள். அவர் கிராமத்துக் கிணற்றில் பழகியவர். இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் லைஃப் ஜாக்கெட்டோடு முகமூடி மாட்டி, டியூபைக் கடித்து, ஏணியில் இறங்கி, படகின் விளிம்பை இன்னொரு கையால் பிடித்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். முகத்தைத் தண்ணீரில் வைத்தால் அந்தப் பழைய அலை வந்தது. எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். படகுக்காரர் மேலேயிருந்து, வேண்டுமானால் ஏறிவிடலாம் என்றார். மகள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே ஏறினால், டீக்கடைக்குப் போய், பைக்குப் பின்னால் உட்கார வேண்டும். அதை நினைத்தேன். முகத்தை வைத்துக் கண்ணைத் திறந்தேன்.

அந்தமான் விளம்பரத்தில் காட்டுகிற நீலம் இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல் நிறம். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, பாசி படிந்த கரும்பாறை. முதலில் வேறொன்றும் தெரியவில்லை. பிறகு பாறையே அசைகிற மாதிரி இருந்தது. மீன்கள். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட சின்னச் சின்ன மீன்கள், பள்ளிவிட்ட பிள்ளைகள் மாதிரி கூட்டமாக ஒரு பக்கம் ஓடி, ஒன்றாகத் திரும்பின. இடுக்கிலிருந்து ஒரு நண்டு காலை நீட்டி என்னைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டது. வெயில் தண்ணீருக்குள் கம்பி கம்பியாக இறங்கியது. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. இருபது நிமிடத் தூரத்துக் கடலில் இது இத்தனை வருடமாக நடந்துகொண்டிருக்கிறது; நான் எலுமிச்சை சாதத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது.

விளிம்பிலிருந்த கையை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு நீல மீன் தனியாகப் பாறையின் மறுபக்கம் போனது. எனக்கு அதன் பின்னால் போக வேண்டும். அவர் மணிக்கட்டை விட்டால்தானே? நான் இந்தப் பக்கம் போனால் அவர் அந்தப் பக்கம் இழுத்தார். டியூபைக் கடித்துக்கொண்டு, ‘விடுங்க’ என்று சொல்ல வாயில் இடமில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, மரியாதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அவர் ஊர்ப் பேச்சில் சொன்னேன். வுடு.

டியூபின் வழியாக அது வேறு மாதிரி போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் தலையைத் தூக்கிப் படகுக்காரரிடம், “வூட்டுக்குப் போவணுமாம்” என்றார். சொல்லிவிட்டு என்னை ஏணிப்பக்கம் இழுக்கத் தொடங்கினார்.

டியூபை வாயிலிருந்து பிடுங்கினேன், எறியாத குறைதான். “வீட்டுக்கு இல்ல. என் கையை விடுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகமூடிக்குள் என் மூக்கு சிவந்திருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்தார். நான் டியூபைக் கடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்து, காலை உதைத்து, நீல மீன் போன பக்கம் போனேன். அதைக் கண்டுபிடித்தும் விட்டேன். அது பாசியைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் மேலே இருப்பதை அது சட்டையே செய்யவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. தோளில் கை பட்டுத் திரும்பினால் மகள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நானும் காட்டினேன்.

கரைக்கு வந்தபிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன். ஈர உடையோடு காரில் ஏறி, வழியில் ஒரு கடையில் வறுத்த மீன் சாப்பிட்டோம். மகன் என்னிடம், பார்த்த மீனையா சாப்பிடுகிறாய் என்று கேட்டு வம்பு பண்ணினான். கேளம்பாக்கம் வரும்வரை நான் நீல மீனைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

லிஃப்டில் பெட்டிகளை ஏற்றி, நான்காவது மாடியில் இறங்கி, பூட்டிய கதவின் முன் நின்றோம். அவர் கையை நீட்டினார்.

“வூட்டு சாவி?”

மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் தோளைப் பார்த்தேன். மஞ்சள் பை இல்லை. அது மாமல்லபுரத்தில், டீக்கடையில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு செருப்பைக்கூட நான் தொலைத்ததில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

“நான் பையைப் பார்க்கல” என்றேன். “மீனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

மகள்தான் முதலில் சிரித்தாள். அவர் நீட்டிய கையை மடக்கி, பெட்டிகளைக் கதவோரம் தள்ளிவிட்டு, லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். இருட்டுவதற்குள் கடலுக்குத் திரும்பிப் போய்விடலாம். லிஃப்ட் வருவதற்குள் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். இந்தமுறை அது எனக்குச் சரியாகவே கேட்டது.

“வுடு.”