பண்டாரமாகப் போனவர்

அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டைக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் நடந்தேன். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. லாரிகள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயின.

நான் வயிற்றில் இருந்தபோது அப்பா மிராசுதாரிடம் அடிபட்டு, நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார். இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிய பிறகு ஒரு ஜவுளிக்காரர், மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அவரைப் பற்றிச் சேதி கொண்டுவந்தார். அம்மா முழங்கால் சேற்றில் நடவு நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று அவர் சொன்னது வாய்க்கு வாய் மாறி அம்மா காதுக்கு வந்தபோது, "உன் புருஷன் பண்டாரமாயிட்டானாம்" என்று ஆகியிருந்தது.

காவி கட்டிப் பிச்சையெடுக்கிற பண்டாரம். அன்றிலிருந்து அம்மா வருஷா வருஷம் திருவாரூர்த் தேருக்குப் போவாள். தேரைப் பார்க்கமாட்டாள். கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பண்டாரங்களின் இடது காதைப் பார்ப்பாள். அப்பாவுக்குச் சின்ன வயதில் மாடு முட்டி அந்தக் காதில் பாதி போய்விட்டது. திரும்பி வந்து திட்டுவாள். "பொண்டாட்டி வேண்டாம்னு போன ஆளுக்குச் சாமி மட்டும் எதுக்கு?" நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சூளை, உப்பளம், லாரி என்று அலைந்தபோதெல்லாம், "நீயும் பண்டாரம்தான்டா" என்பாள்.

கழக ஆட்சியில், குடிசை போட்டிருக்கும் மனையை இருப்பவர்களுக்கே கொடுக்கச் சட்டம் வந்தது. எழுத வந்த கணக்கப்பிள்ளை, "புருஷன் இருக்கானா, செத்துட்டானா?" என்றார். அம்மா தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும், "எந்த மடத்துல இருந்தாலும் சரி, பாத்துட்டு வாடா" என்றாள்.

மடங்களில் அப்படி ஒரு ஆள் இல்லை. எந்தத் துறைமுகத்தில் இறங்கிக் காவி கட்டினார் என்று கேட்கத்தான் பழைய கப்பல்காரர்களைத் தேடினேன். அதிராம்பட்டினத்தில் ஒரு பாய், கப்பலை விட்டு வந்து கயிற்றுக்கடை வைத்திருந்தார்.

"பாதிக் காதா?" என்றார். "மன்னார்குடிக்காரன். எங்க பண்டாரி."

"பண்டாரமாங்க?"

"பண்டாரி, தம்பி. கல்யாணத்துக்குச் சோறாக்குறவரை நாங்க பண்டாரின்னுதான் சொல்லுவோம். கப்பல்லயும் அதான் பேரு. ஜவுளிக்காரர்ட்ட நான்தானே சொல்லிவிட்டேன், பண்டாரியா நல்லா இருக்கான், சண்டை முடிஞ்சதும் வந்துடுவான்னு."

"அப்புறம்?"

"அடுத்த நடை அவன் வேற கப்பல்ல போனான். சரக்குக் கப்பல்தான். குண்டு போடறவனுக்கு அதெல்லாம் உண்டா? முழுகிடுச்சு. ஒருத்தரும் கரையேறலை." கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "வீட்டுக்குக் கம்பெனி சொல்லியிருக்கும்னு இருந்துட்டேன்."

யாரும் சொல்லவில்லை.

பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் லாரி கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் ஊருக்குள் போனேன். கூலி உயர்வு கேட்டு விவசாயக் கூலிகள் சங்கம் அறுப்பை நிறுத்தியிருந்தது. முற்றிய நெல் வயலில் சாய்ந்து கிடந்தது. ஆலமரத்தடியில் போலீஸ் வண்டி நின்றது.

அம்மா முழுதும் கேட்டாள். "காவி கட்டலியா?"

"இல்லம்மா. சோறாக்கினார், கப்பல்ல இருந்தவங்களுக்கு."

"அவரு ஆக்கினதையா? எல்லாரும் தின்னாங்களா?"

எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. அவள் கேட்டது எனக்குப் புரிந்தது.

"தின்னாங்களாம்."

"எனக்கு ஒரு நாள் உலை வெச்சதில்லை" என்று சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "வர்றேன்னுதான் சொல்லிவிட்டாரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"இத்தனை வருஷமும் வைஞ்சுக்கிட்டே இருந்துட்டேனேடா."

விடியும்போது யாரையும் கூப்பிடாமல் தனியாக வாய்க்காலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கழுத்தில் கயிறு இல்லை. கணக்கப்பிள்ளையிடம் இனி என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியும்.

என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. தெருமுனையில் சங்கத்துக்காரர்கள், அறுப்புக்குப் போகாதவர்களுக்காகக் கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

"பண்டாரம் மகனே, ஊர் சுத்தி முடிச்சாச்சா?" என்றார் சங்கத் தலைவர். "அடுப்புக்கு ஆள் இல்லை. கூலி கிடையாது, கஞ்சி உண்டு. ஆக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பச் சரி. இங்க எவனுக்கும் தெரியாது."

அகப்பையை வாங்கிக்கொண்டேன். வெயில் ஏறியபோது அம்மா தட்டோடு வந்து வரிசையில் கடைசியாக நின்றாள்.