ரசமட்டம் வாங்கிய பாத்ரூம்

யார் வீட்டுக்குப் போனாலும் ரசமட்டம் முதலில் சுவரில் தொங்கும் படத்தைத்தான் பார்ப்பார். அது ஒரு நூல் சாய்ந்திருந்தால் போதும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போய் நிமிர்த்திவிட்டு, அப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். இருபத்திரண்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். மட்டம் பார்க்கிற ரசமட்டம் பையில் இல்லாவிட்டாலும் கண்ணில் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

காதும் அப்படித்தான். ஒட்டி முடித்த டைல்ஸை விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். அடியில் சிமெண்ட் நிறைந்திருந்தால் 'டிக்' என்னும். காற்று புகுந்திருந்தால் 'டொக்' என்னும். 'டொக்' வந்தால் பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்டுவார். வீட்டுக்காரரே "பரவாயில்ல விடுங்க" என்றாலும் விடமாட்டார். "உங்களுக்குப் பரவாயில்ல. எனக்குச் சோறு திங்கும்போது டொக்குனு கேக்கும்" என்பார்.

இந்த மனிதரிடம் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருந்தது. வீடு காலி செய்துகொண்டு போன ஒருவர் பரணில் விட்டுவிட்டு, "வேணும்னா எடுத்துக்கங்க" என்று சொன்ன கிடார் அது. சிவப்புக் கலர். ஒரு மூலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்ததை டைல்ஸ் இடுக்கில் பூசுகிற ஒயிட் சிமெண்ட்டால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். கூடவே அதன் சத்தத்தைப் பெரிதாக்க டிபன் டப்பா அளவுக்கு ஒரு ஆம்ப். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே தட்டித் தடவி நாலு முழுப்பாட்டும் முப்பது அரைப்பாட்டும் கற்றுக்கொண்டார்.

அவருடைய சம்சாரம் கண் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவர். "இருபத்தி மூணு, உள்ள போங்க." "இருபத்தி நாலு, கண்ணாடிய கழட்டிட்டு உள்ள போங்க." ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை. அந்தப் பக்கம் எல்லோருக்கும் அவர் டோக்கன் அம்மா. அவருக்குப் பாட வரும். ஆனால் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பாடுவார். அது அவர்கள் வீட்டு பாத்ரூம்.

குளிக்கும்போது எல்லோரும் பாடுகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன் ரசமட்டம் சொந்த வீட்டு பாத்ரூமுக்குத் தரையிலிருந்து கூரை வரை டைல்ஸ் ஒட்டினார். பதினோரு வீட்டு வேலையில் மிஞ்சின டைல்ஸ், பதினோரு கலர். உள்ளே போனால் யாரோ கலர் பென்சில் டப்பாவைக் கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். குழாயும் வரவில்லை, கதவும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சிமெண்ட் காயட்டும் என்று பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர், கிடாரை ஒரு மீட்டு மீட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வந்து, பூனை வால் மாதிரி மெல்ல நீண்டு அடங்கியது. அடங்கின அதே நொடியில், வாசலில் டீயோடு நின்ற டோக்கன் அம்மா பாட ஆரம்பித்துவிட்டார். யாரும் பாடச் சொல்லவில்லை. தான் பாடுகிறோம் என்பதே பாதிப் பாட்டில்தான் அவருக்குத் தெரிந்தது. டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் டீயைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பாத்ரூம் கச்சேரி. முன்னறையில் உட்கார்ந்து பாடிப் பார்க்கலாம் என்று பலமுறை முயன்றார்கள். சோபா, மெத்தை, திரைச்சீலை எல்லாம் சேர்ந்து சத்தத்தை முழுங்கிவிட்டது.

"கிடார் சத்தம் எங்க முடியுதுன்னே தெரியலங்க. முகத்துக்கு நேரா கதவைச் சாத்தின மாதிரி போயிடுது. நான் எப்படி உள்ள வர்றது?" என்றார் டோக்கன் அம்மா. அந்த வால் முடிகிற இடம்தான் அவருக்கு வாசல்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுக் குண்டு போட்டார். சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக் கூடத்தில் விழா. கை கழுவும் இடத்தில் டோக்கன் அம்மா முணுமுணுத்ததை ஒட்டுக்கேட்ட ஒரு நர்ஸ், 'பாட்டு இரண்டு' என்று அவர் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டார். டோக்கன் அம்மா அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்தார். தரையில் கம்பளம், ஜன்னலில் தடித்த திரை, மேலே பஞ்சு வைத்த கூரை.

"கை தட்டிப் பாத்தேன். எனக்கே கேக்கல" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். "அந்த பாத்ரூம் சத்தத்தை அங்க கொண்டாந்தா பாடுறேன். இல்லன்னா சனிக்கிழம எனக்குத் தொண்டை கட்டிக்கும். இப்பவே சொல்லிட்டேன்."

"வியாழக்கிழமையே தொண்டைக்கு டயம் குறிச்சு வைக்கிறியே!"

டோக்கன் அம்மா சிரிக்கவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, பாத்திரத்திடம் பேசுகிற மாதிரி சொன்னார்: "பத்தொம்பது வருஷமா அவங்களுக்கு நம்பர் மட்டும்தான் சொல்லிட்டிருக்கேன். ஒரு தடவையாவது வேற ஏதாவது சொல்லணும்னு இருக்குங்க."

ரசமட்டத்துக்கு எங்கேயோ 'டொக்' என்று கேட்டது.

மறுநாள் காலையே மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டு கிடார் கடைக்குக் கிளம்பிவிட்டார். மச்சான் என்றால் டோக்கன் அம்மாவின் தம்பி. பார்சல் வண்டி ஓட்டுகிறவன். கையில் எது கிடைத்தாலும் அதில் தாளம் போடுவான். ஸ்டியரிங்கில் போடுவான், டிபன் டப்பாவில் போடுவான், பக்கத்தில் தூங்குகிறவன் தொடையில் போடுவான். ரிவெர்ப் பெடல் என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் அவன்தான். கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைக்கிற சோப்பு டப்பா அளவு பெட்டி. காலால் ஒரு மிதி மிதித்தால், சின்ன அறையில் வாசிக்கிறதும் பெரிய இடத்தில் வாசிக்கிற மாதிரி சத்தம் நீண்டு கேட்கும்.

கடைக்காரத் தம்பி காதில் வளையமும் வாயில் சூயிங்கமுமாக எட்டுப் பெடலை வரிசையாக எடுத்து வைத்தான். "இதுல எல்லாமே இருக்குண்ணே. இந்தக் குமிழைத் திருப்பினா ரூம். இது ஹால். இது பிளேட். இது ஸ்பிரிங்."

"ஹால் எத்தனை சதுர அடி?" என்று கேட்டார் ரசமட்டம்.

தம்பி மெல்லுவதை நிறுத்தினான். "அப்படியெல்லாம் கணக்கு இல்லண்ணே. பெரிய ஹால்."

"பெரிய ஹால்லாம் வேணாம். பாத்ரூம் இருக்கா?"

"இருக்குண்ணே. பின்பக்கம் போய் இடதுகைப் பக்கம். தண்ணி மட்டும் பக்கெட்ல இருக்கும்."

மச்சான் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆம்ப் மேல் சாய்ந்துவிட்டான். ரசமட்டமோ தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். உள்ளேயிருந்து ஒரு கைதட்டல் கேட்டது. அப்புறம் டிக், டிக், டிக், டொக். மறுபடி டிக், டொக், டொக். வெளியே வந்தார்.

"இது சரிவராது தம்பி. சத்தம் குட்டையா இருக்கு. அதோட மூணு டைல்ஸுக்கு அடியில காத்து. எவன் ஒட்டினான்?"

"அண்ணே, நீங்க கிடார் வாங்க வந்தீங்களா, வீடு வாங்க வந்தீங்களா?"

மச்சான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விஷயத்தை விளக்கினான். கேட்டு முடித்ததும் கடைக்காரத் தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்கா காதுக்கே விட்டுடலாம். போன் போடுங்க" என்றான். ஆஸ்பத்திரி மேஜையில் டோக்கன் அம்மா இயர்போனை முடிக்குள் மறைத்து ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார். "சீக்கிரம். பெரிய நர்ஸ் பாத்தா திட்டுவாங்க. முப்பத்தி ஆறு, உள்ள போங்க."

போனை ஆம்ப் முன்னால் நிறுத்திவைத்தார்கள். முதலில் ஸ்பிரிங். ரசமட்டம் ஒரு மீட்டு மீட்டினார். டொய்ங்ங் என்றது.

"யாரோ கட்டில் மேல ஏறிக் குதிக்கிறாங்க" என்றது போன்.

அடுத்து ஹால். சத்தம் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க, இன்னுமா முடியல? எனக்கு ரெண்டு டோக்கன் உள்ள போயிடுச்சு."

"மாமா, இதக் கேளுங்க" என்று மச்சான் ஆசையாக ஒரு மினுமினுப்புப் பெட்டியை மிதித்தான். கிடாருக்குப் பின்னாலிருந்து நூறு பேர் 'ஆ' என்று பாடுகிற மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. "வானத்துல இருந்து வர்ற மாதிரி இல்ல?"

"வானத்துல டைல்ஸ் ஒட்ட முடியாதுடா" என்றார் ரசமட்டம்.

"யாரு போயிட்டாங்க?" என்று பதறியது போன்.

கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில், யாரோ கொஞ்ச நாள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த சாம்பல் நிறப் பெடல் ஒன்று கிடந்தது. மூன்றே குமிழ். ரசமட்டம் அதை எடுத்து விரல் முட்டியால் தட்டினார். டிக்.

"அண்ணே, அது தர்பூசணி இல்ல" என்றான் தம்பி.

ரசமட்டம் அதைக் காதில் வாங்கவில்லை. ரூம் என்கிற பக்கம் திருப்பிவைத்து, நீளத்துக்கான குமிழை ஒரு மயிரிழை நகர்த்துவார், ஒரு மீட்டு மீட்டுவார், கண்ணை மூடி விரலை மடக்குவார், தலையசைப்பார், மறுபடி நகர்த்துவார். கடைசி டைலை இடுக்கில் இறக்குகிற அதே முகம். மச்சான்கூடத் தாளம் போடுவதை நிறுத்திவிட்டான். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, அவர்கள் பாத்ரூமில் முதன்முதலில் மீட்டின அந்த வரியை மீட்டினார். சத்தம் எழுந்து, சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி, வாலை நீட்டி அடங்கியது.

அடங்கின அதே நொடியில் போனிலிருந்து வந்தது:

"நாப்பத்தி... ஒண்ணு... உள்ள... போ...ங்க..."

பாட்டின் முதல் வரி மெட்டு, ஒரு இழை பிசகாமல். 'போங்க'வில் ஒரு சின்ன வளைவுகூட இருந்தது. போனில் ஆஸ்பத்திரி மொத்தமும் கொல்லென்று சிரித்தது. அதற்குள் ஒரு பெரியவர் குரல்: "நான்தாம்மா நாப்பத்தொண்ணு. இன்னொரு தடவை கூப்பிடு. நான் மெதுவா எந்திரிக்கிறேன்."

"இதைக் கட்டிக் கொடு தம்பி" என்றார் ரசமட்டம். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பி, "திங்கக்கிழம வந்து அந்த மூணு டைல்ஸையும் பேத்து ஒட்டிடறேன். இல்லன்னா எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

குமிழ் நகராமல் இருக்கக் காகித டேப் ஒட்டி, காதில் செருகியிருந்த பென்சிலால் அதன் மேல் 'பாத்ரூம்' என்று எழுதிவைத்தார்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பெரிய டாக்டர் நடுவில், சுற்றி நர்ஸ்கள், பின்வரிசையில் அழைக்காமலே வந்த நாப்பத்தொண்ணு. கம்பளத்தில் வைத்தால் பெடல் ஆடியது. ரசமட்டம் பையிலிருந்து நீல டைல் ஒன்றை எடுத்துக் கீழே வைத்து, மட்டம் பார்த்து, அதன் மேல் பெடலை வைத்தார். அவர்கள் பாத்ரூமில் மிஞ்சின டைல்.

டோக்கன் அம்மா மைக் முன்னால் வந்து நின்றார். கையில் பிடித்துக்கொள்ள டோக்கன் கட்டு இல்லாததால் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார். ரசமட்டம் மிதித்தார், மீட்டினார். சத்தம் போய்த் திரும்பி, வாலை நீட்டி அடங்கியது.

டோக்கன் அம்மா வாயைத் திறக்கவில்லை.

தாளம் போட உட்கார்ந்திருந்த மச்சானின் கை மரப்பெட்டி மேல் அந்தரத்தில் நின்றது. முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரசமட்டம் நிமிர்ந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது: எதிர்ச் சுவரில் பெரிய டாக்டரின் படம், வலப்பக்கம் இரண்டு நூல் சாய்ந்திருந்தது. கால் துறுதுறுத்தது. ஆனால் கால் பெடல் மேல் இருந்தது. கண்ணை எடுத்துச் சம்சாரத்தின் மேல் வைத்துக்கொண்டு, அதே வரியை மறுபடி, இன்னும் மெதுவாக மீட்டினார். அவசரமில்லை, கதவு திறந்துதான் இருக்கிறது என்கிற மாதிரி.

வால் நீண்டது. தேய்ந்தது. அடங்கியது.

டோக்கன் அம்மா உள்ளே வந்தார்.

இரண்டு பாட்டு என்று போட்டிருந்தது, நாலானது. ரசமட்டத்துக்குத் தெரிந்த முழுப்பாட்டே அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒரு அரைப்பாட்டையும் பாடிவிட்டுப் பாதியில் நிறுத்தி, "மீதி அடுத்த டோக்கனுக்கு" என்றார் டோக்கன் அம்மா. பெரிய டாக்டர் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். பின்வரிசையில் நாப்பத்தொண்ணு எழுந்து நின்று, "நாப்பத்தி ரெண்டும் நான்தான்!" என்று கத்தினார்.

சாயங்காலம் வாசலில் மச்சான் வண்டி எடுத்து வரக் காத்திருந்தார்கள். டோக்கன் அம்மா நீல டைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அந்த டாக்டர் படம் சாஞ்சிருந்துச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா உக்காந்திருந்தீங்க?"

"நீ பாடிட்டிருந்தியே."

டோக்கன் அம்மா டைலை விரல் முட்டியால் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார். ரசமட்டம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். கூடத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பினார். இன்னொரு தடவையும் திரும்பினார்.

"போங்க" என்றார் டோக்கன் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "நிமிர்த்திட்டு வாங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன்."