தலையணை பிறந்த நேரம்

என் கணவருக்குக் குடியில்லை, சீட்டாட்டமில்லை. பழைய மணிக்கூட்டுப் பைத்தியம் மட்டும்தான். அதிலும் சாவி கொடுத்து ஓடுகிற, பக்கத்தில் இரண்டு குமிழ் வைத்த கைமணிக்கூடுகள். மேல் குமிழை அழுத்தினால் நடுவில் ஒரு மெல்லிய முள் தனியாகப் புறப்பட்டு, எவ்வளவு நேரம் போனது என்று கணக்கெடுக்கும். இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். கீழ்க் குமிழ் அதைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடும்.

சாவகச்சேரிச் சந்தையில் செத்த மணிக்கூடுகளை மலிவாக வாங்கி வருவார். முகப்பில் யாரும் கேள்விப்படாத பெயர் இருக்கும். முதுகைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்து, ஆடும் சில்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும் முத்திரையைத் தேடிப் பிடிப்பார். "இஞ்சேரும், பேர்தான் ஊர்பேர் தெரியாதது. மெசின் பெரிய இடத்து மெசின்!" சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட இவ்வளவு குலம் கோத்திரம் விசாரிக்க மாட்டார்கள்.

நான் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு யுத்தத்தோடு எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பற்றரிக்கும் தடை. ஊரிலுள்ள பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட, மணி கேட்டு ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். இவருடைய நடையே மாறிவிட்டது.

அந்த நாட்களில்தான் எனக்குப் பிள்ளைப்பேறு. வானத்திலிருந்து விழுந்த குண்டுகள் போதாதென்று மாமியும் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு குண்டைப் போட்டார்: "மத்தியானம் லக்கினம் மாறுது. அதுக்கு முந்திப் பிறந்தால் செவ்வாய் தோஷம். நேரத்தை வடிவாய்க் குறியுங்கோ."

ஆசுப்பத்திரிச் சுவர் மணிக்கூடும் பற்றரியில்லாமல் நின்றது. இவர் தன்னிடமிருந்ததில் சிறந்ததைத் தாதியிடம் கொடுத்தார். "மிஸ்ஸி, பிள்ளை அழுதவுடனை இந்த மேல் குமிழை ஒருக்கா அமத்துங்கோ. மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்."

பிள்ளை அழுதது. தாதி குமிழை அழுத்தினார். மகளைக் கழுவி, சுற்றி, என் பக்கத்தில் கிடத்திவிட்டு, விறாந்தையில் நின்ற இவரிடம் மணிக்கூட்டை நீட்டினார். அப்போதைய நேரத்திலிருந்து முள் எண்ணியதைக் கழித்தால் பிறந்த நேரம் வந்துவிடும். சின்னப்பிள்ளைக் கணக்கு.

ஆனால் யார் மணிக்கூட்டை நீட்டினாலும் இவருடைய பெருவிரல் தானாகச் செய்யும் வேலை ஒன்றுண்டு. மேல் குமிழ், கீழ்க் குமிழ். முள் நேராகப் பூச்சியத்தில் வந்து குந்துகிறதா என்று சோதிப்பது. சோதித்தார். மிக நேராக வந்து குந்தியது.

கட்டிலில் கிடந்தபடி வாசலால் பார்த்த எனக்கு வந்த கோபத்தில் பிள்ளை பெற்ற களைப்பே பறந்துவிட்டது. "பிள்ளை ஆணோ பெண்ணோ எண்டுகூடக் கேக்கேல்லை, முள்ளைத் திருப்பி விட்டிட்டு நிக்கிறியள்!"

இவர் அசரவில்லை. மணிக்கூடு கைக்கு வந்த நேரம் நினைவிருந்தது. அழுகையிலிருந்து விறாந்தை வரைக்கும் போன நேரம்தான் வேண்டும். "மிஸ்ஸி, செய்ததெல்லாத்தையும் அப்பிடியே இன்னொருக்காச் செய்து காட்டுங்கோ."

தாதி முறைத்தார். பிறகு சிரித்தார். பிறகு ஒரு தலையணையை எடுத்தார். இவர் குமிழை அழுத்த, தலையணைக்காக நான் ஒருமுறை அழுதேன். கொடி அறுத்து, கழுவி, துடைத்து, சுற்றி, தாதி ஒன்றையும் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரிகள் தையல் நோகச் சிரித்தார்கள். தாதி விறாந்தைக்கு வந்ததும் இவர் முள்ளை நிறுத்திக் கழித்துப் பார்த்தார். லக்கினம் மாறிய பிறகுதான்! முகமெல்லாம் மலர்ந்து, தாதி நீட்டிய தலையணையை இரண்டு கையாலும் பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, பிள்ளை இஞ்சை கிடக்கு!" என்று கத்தினேன்.

ஓடி வந்து மகளைத் தூக்கினார். மணிக்கூடு நழுவி விழுந்ததை அவர் கவனிக்கவேயில்லை. என் கோபம் அதோடு போய்விட்டது.

சாதகம் எழுதியாயிற்று. தோஷமில்லை, மாமிக்குப் பரம திருப்தி. மகள் வளர்ந்து வீட்டை இரண்டாக்கிக் கத்துகிற நாட்களில், "சாதகத்திலை சாந்தமான பிள்ளை எண்டெல்லோ கிடக்கு?" என்று இவர் அப்பாவியாகக் கேட்பார்.

"அது தலையணையின்ரை சாதகம்," என்பேன்.