மஞ்சள் பதில்

வில்பிரட் வந்தால் வீடு கலகலக்கும் என்று இன்னாசியார்புரத்தில் சொல்வார்கள். சரக்குக் கப்பலில் மூன்றாம் இன்ஜினியர் அவன். ஆறு மாதம் கடலில், மூன்று மாதம் தூத்துக்குடியில். எந்தப் பேச்சையும் சிரிப்பில் கொண்டுபோய் முடிக்கிற வாய் அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ஜெனரேட்டர் நின்றுபோய் சீஃப் இன்ஜினியர் எரிந்து விழுந்துகொண்டிருக்கும்போதும் ஏதாவது ஒன்று சொல்வான். எண்ணெயும் வேர்வையுமாக நிற்கிற நாலு பேரும் சிரித்துவிடுவார்கள். சாவு வீட்டுக்குப் போனால்கூட அவனைச் சுற்றித்தான் ஆட்கள் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். எல்லோரும் அந்த வாயை மெச்சினார்கள். அதில் ஒரு குறை இருக்கக்கூடும் என்று முப்பத்து நாலு வயதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை.

மனைவி அனுஜா கீழவைப்பார்க்காரி. தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். நிறையப் பேசுகிறவள் இல்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் லீவில் வந்தபோது, வில்பிரட் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிவந்தான். அவள் மூன்று மணிக்கு டூட்டி முடித்து வந்ததும் டீயும் மக்ரூன் பொட்டலமுமாக இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

எரிந்துபோன ஒரு தீவின் ஜனங்களை வேறொரு கரைக்குக் கூட்டிப்போகிற தலைவனின் கதைதான் அந்த விளையாட்டு. சண்டை கொஞ்சம், பேச்சுதான் அதிகம். யாராவது வந்து எதையாவது சொன்னால், தலைவன் சொல்லக்கூடிய மூன்று பதில்கள் திரையில் வரும். வெள்ளை நிறத்தில் இருப்பது அமைதியானது. மஞ்சள், கிண்டல். சிவப்பு, கடுமை. எதை அழுத்துகிறோமோ அந்தத் தொனியில் அவன் பேசுவான். தலைவனுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது அனுஜா 'வில்பி' என்று அடித்தாள்.

கையில் பிடித்து ஆடுகிறவன் வில்பிரட். பக்கத்திலிருந்து படிக்கிறவள் அனுஜா.

"வெள்ளைய அமுக்குங்க. பாவம், அந்தம்மா வீட்ட விட்டுட்டு வந்து நிக்கா."

"இரு, மஞ்சள்ல என்ன சொல்லுதான்னு பாப்போம்."

மஞ்சள் பதில்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அனுஜாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதம் போனது.

ஒருநாள், தலைவனோடு முதலிலிருந்து வந்துகொண்டிருந்த கிழட்டு மாலுமி செத்துப்போனான். அவன் மகள் தலைவனிடம் வந்து, "கடைசியில் அப்பா என்ன சொன்னார்?" என்று கேட்டாள். இந்த முறை மூன்று பதில்கள் வரவில்லை. தலைவன் தானாகவே பேசினான். "உன் சமையலிலிருந்து தப்பித்தேன் என்று சொன்னார்." அந்தப் பெண் விலகிப் போனாள்.

வில்பிரட் விழுந்து விழுந்து சிரித்தான். அனுஜா சிரிக்கவில்லை.

"நம்மகிட்ட கேக்கவே இல்லியே?"

"எதுக்குளா கேக்கணும்? மஞ்சளயே அமுக்கி அமுக்கி அவனுக்கு அது பழகிட்டு. இனிமே அவன் ஆளே அப்படித்தான்."

"அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?"

"ஏளா, அது பொம்மைளா."

அந்த வாரமே அவனுக்குக் கப்பலுக்கு அழைப்பு வந்தது.

நான்காவது மாதம் கப்பல் பிரேசில் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது அனுஜாவின் அப்பா ஜெரால்டு இறந்துபோனார். காலையில் கீழவைப்பார் கரையில் வலைக்காரர்களோடு பேசிக்கொண்டு நின்றவர் அப்படியே மணலில் சாய்ந்துவிட்டார். மீன் ஏலத்தில் அவரிடம் பேசி ஜெயித்தவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. அனுஜா அவருக்கு ஒரே பிள்ளை.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் போனில் இரண்டு பேரும் சரியாகப் பேச முடிந்தது. அவள் வெகுநேரம் அழுதாள். பத்தாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் நின்று அந்த அழுகையைக் கேட்பது வில்பிரட்டுக்குத் தாங்கவில்லை. எப்படியாவது அவளை ஒரு நிமிடம் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"அழாதளா. மாமா இந்நேரம் மோட்ச வாசல்ல நின்னு இராயப்பர்கிட்ட வெல பேசிட்டு இருப்பாரு."

மறுமுனையில் அழுகை நின்றது. அவள் தேறிவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

"சரி, வைக்கேன்" என்றாள் அனுஜா.

அதன் பிறகு கப்பலிலிருந்து அவன் கூப்பிட்டபோதெல்லாம் அவள் எடுத்தாள். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று விசாரித்தாள். அப்பாவைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. துக்கம் ஆறிவருகிறது என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

மே மாதம் ஊர் திரும்பினான். ஒரு மத்தியானம் அவள் டூட்டியில் இருந்தபோது விளையாட்டைத் திறந்தான். அவன் விட்டுப்போனபோது ஆடியிருந்தது நாற்பது மணி நேரம். இப்போது நூற்றிமுப்பது என்று காட்டியது. 'வில்பி' ஒரு மலையடிவாரத்தில் நின்றிருந்தான். மாட்டைத் தொலைத்த ஒரு ஆள் அழுதுகொண்டே வந்தான். பதில்கள் எதுவும் வரவில்லை. தலைவன் தானாகவே அந்த ஆளின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். "சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை" என்றான்.

அதே முகம், அதே குரல். ஆனால் வேறு ஆள்.

அனுஜா வந்ததும், "இவன என்னளா பண்ணி வச்சிருக்க?" என்றான்.

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அப்பா போன பொறவு விளையாடுனேன். மாறுவானான்னு பாக்கணும்போல இருந்துச்சு. விடாம வெள்ளையவே அமுக்குனேன். ரொம்ப நாளு மாறவே இல்ல. பொறவு மாறிட்டான்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஏதோ கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறாள், அது அவனுக்குத் தெரிந்தது. என்ன என்று பிடிபடவில்லை. பழைய வழியிலேயே போனான்.

"நல்லதாப் போச்சி. அவனயாவது திருத்திட்ட."

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போனாள்.

கிண்டலால் அவள் வாயை அவன் அடைத்தது அது இரண்டாவது தடவை. அன்றைக்கு அடுப்படிக்குப் பின்னாலேயே போய், 'மாமா கடைசியா ஒங்கிட்ட என்ன பேசுனாரு?' என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கு அவ்வளவு இருந்தது. இதை அவன் வெகுகாலம் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தான்.

போன வருடம் இன்னொன்று நடந்தது. லீவில் இருந்தபோது அவன் அக்கா ஆனி பேச்சுவாக்கில், "நல்லவேள, அந்தக் கட்டி ஒண்ணுமில்லாத கட்டின்னு ரிசல்ட் வந்துச்சு. அனுஜா எப்படிப் பயந்து கெடந்தா தெரியுமா?" என்றாள். அவனுக்குத் தெரியாது. அனுஜாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. ஊசியால் சதை எடுத்து மதுரைக்கு அனுப்பி, ஒன்பது நாள் காத்திருந்திருக்கிறாள். அந்த ஒன்பது நாளும் அவன் வீட்டில்தான் இருந்தான்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கோபப்படவில்லை. சட்டையை உதறி மடித்தாள்.

"சொன்னா நீங்க எதாவது சொல்லுவிய."

"என்ன சொல்லுவேன்?"

"தெரியல. எதாவது. நானும் சிரிக்கணும். எனக்கு அப்ப சிரிக்கத் தெம்பில்ல."

அவன் வாய்க்கு அப்போதும் ஒரு வார்த்தை வந்தது. அதைச் சொல்லவில்லை. அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் கொடிக்கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அவன் அங்கேயே நின்றான்.

வில்பிரட் இப்போது இரண்டாம் இன்ஜினியர். இன்ஜின் அறையில் முன்போல அவன் வாயைத் திறப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஆட்கள் அவனை முசுடு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்ற வாரம் வீட்டுக்குப் பேசினான். தண்ணீர்த் தொட்டி கசிவதையும், லேபில் புது மிஷின் வந்திருப்பதையும், மாதா கோயில் திருவிழாவுக்குக் கீழவைப்பாரிலிருந்து தன் அம்மா வந்து தங்கியிருப்பதையும் அனுஜா சொன்னாள். ஒன்றுக்கும் குறுக்கே பேசாமல் அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஹலோ? லைன் கட்டாயிட்டா?"

"இல்ல. கேட்டுட்டுத்தான் இருக்கேன். அம்மாக்கு அங்கன தனியா இருக்கக் கஷ்டமா இருக்கா?"

மறுமுனையில் அவள் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"இருக்கும்லா" என்றாள். பிறகு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.