நின்றுகொண்டுதான் வாசிப்பேன்

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மெட்ராஸ் ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் இருபத்தைந்து வருடம் எலெக்ட்ரிக் கிடார் வாசித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. ராக் அண்ட் ரோல் என்றால் எழுந்து ஆடுகிற கூட்டம் அங்கே உண்டு. சொந்த ஊர்ப் பக்கமான காஞ்சிபுரத்தில் மட்டும் ஒரு தடவைகூட வாசித்ததில்லை. கூப்பிட்டால்தானே!

எழுபதுகளின் நடுவில் ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம். நூறு நாற்காலி போட்டால் மூச்சு முட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. மாகறல் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து அப்பாவையும் பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தேன். நான் மேடையில் வாசித்து அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்காவது பார்க்கட்டும் என்று ஆசை.

மேடைக்குப் போனால் நடுவில் ஒரு ஜமக்காளம். அதற்கு முன்னால் முழங்கால் உயரத்தில் மைக்.

"இன்னாங்க இது?" என்றேன்.

மண்டபத்துச் செயலாளர் சாது, குரலே உயராது. "உக்காந்து வாசிங்கபா. பெரிய பெரிய வித்வானுங்க எல்லாம் இங்க உக்காந்துதான் வாசிச்சாங்க. தோள்ல மாட்டிக்கினு, நின்னுக்கினு, ஆடிக்கினு... மேடைக்குன்னு ஒரு மரியாதை இருக்குதில்ல?"

"நின்னாத்தாங்க எனக்குக் கையே ஓடும்."

"கமிட்டியில சொல்லிட்டாங்கபா. உக்காந்தா கச்சேரி. இல்லன்னா ஜனங்கள அனுப்பிட வேண்டியதுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் அப்பா அவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, உட்கார்ந்து தொலைப்போம் என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முட்டியை மடக்கும்போதுதான் அவரைப் பார்த்தேன்.

கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். முன்வரிசையிலேயே ஏழெட்டு நாற்காலி காலி. உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அப்பா பறையடித்தவர். பெரிய தெருவில் கல்யாணமோ சாவோ, நாள் முழுக்க நின்றுதான் அடிப்பார். அவரை உட்காரச் சொல்லாததுதான் அங்கே வழக்கம்.

நிமிர்ந்து நின்று கிடாரைத் தோளில் மாட்டினேன். மைக் எட்டவில்லை. எனக்கெதற்கு மைக்? தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஐயா, அதோ கதவாண்ட நிக்கிறாரே, அவரு எங்கப்பா! அம்பது வருஷமா நின்னுக்கினே அடிச்சாரு. உக்காருன்னு எவனாச்சும் சொன்னானா? எனக்கு மட்டும் இன்னா திடீர்னு மரியாத? உக்கார சொல்றதுன்னா அவர சொல்லுங்க. அவர நிக்க வெச்சது நீங்க. நான் நிக்கிறது என் இஷ்டம்!"

மண்டபமே திரும்பி அப்பாவைப் பார்த்தது. அவர் மானத்தை வாங்கிவிட்டேனோ என்று எனக்குத் தோன்றியது.

"வாசிக்க வுடுங்கபா!" என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார். செயலாளர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

யாராவது சொல்லட்டும் என்று அப்பா காத்திருக்கவில்லை. விடுவிடுவென்று நடந்து முன்வரிசைக்கு வந்தார். ஒரு நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்து, மேடைக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கால்மேல் கால் போட்டார். அப்பா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது, எங்கள் வீட்டில்கூட.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற?" என்றார். "அடிடா!"

முதல் அடியே பிசகியது. பிசகினால் பிசகட்டும்! ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே அடித்தேன். அப்பா போட்ட காலை இறக்கவேயில்லை.